பிள்ளைகளுக்குச் சொல்லாத சங்கதி

ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டால், அதற்கும் ஒரு பிறந்த நாள் உண்டு என்பதை மனிதர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். ஊனத்தோடு பிறந்த குழந்தையைப் பற்றி வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளிடம் வாய் திறவாமலிருப்பதும், அந்தக் குழந்தையிடமே அதன் நிலைமையை எடுத்துச் சொல்லாமல் காலத்தைக் கடத்துவதும் ஆதிகாலந்தொட்டு மனித சுபாவத்தில் ஊறிப்போனவை என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தை இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணம் பிசகு என்பது விளங்கும். அங்கே இந்த மௌனம் முக்கால் நூற்றாண்டுக்குச் சற்று அதிகமாக ஆட்சி செய்தது. அதற்கு முன்பு தாராளமான ஒரு பேச்சு இருந்தது. தக்க காரணங்கள் வந்து சேர்ந்தபோது அது அடங்கிற்று. சில தாய்மார்கள் பேனாவைக் கையில் எடுத்த பிறகு மீண்டும் எழுந்தது. எழுந்த பேச்சு யாரிடம் முதலில் போயிற்று, யாரிடம் கடைசியாக வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

பாஸ்டன் நகரத்தில் பார்வையற்றோருக்கான பெர்க்கின்ஸ் பள்ளியை நடத்திவந்த ஸாமுவேல் கிரிட்லி ஹோ என்னும் வைத்தியர், 1837ஆம் ஆண்டில் லாரா பிரிட்ஜ்மன் என்ற ஏழு வயதுச் சிறுமியைத் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வயதில் கண்ட விஷ ஜுரத்தினால் கண்ணையும் காதையும் ஒருங்கே இழந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, கரண்டி, சாவி முதலிய பழகிய பொருள்களின் மேல் மேடான எழுத்துக்களால் அமைந்த பெயர்ச் சீட்டுகளை ஒட்டி, விரலால் தடவித் தடவி, பொருளுக்கும் பெயருக்கும் உள்ள சம்பந்தத்தை உணரச் செய்து, அவர் பாஷையைக் கற்பித்தார். பள்ளியில் நடந்த பகிரங்கக் காட்சிகளுக்கு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்து அவளைப் பார்த்தார்கள். 1842இல் அமெரிக்காவுக்கு யாத்திரை வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ் அவளைக் கண்டு வியந்து தமது பிரயாண நூலில் விரிவாக எழுதிவைத்தார். லாரா கண்களின் மேல் பச்சை நாடா ஒன்றைக் கட்டியிருப்பது வழக்கம். அக்காலத்து அமெரிக்கச் சிறுமிகள் தங்கள் மரப்பாச்சிகளின் கண்களை நோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சை நாடாவைச் சுற்றி, பொம்மைக்கு லாரா என்று பெயர் வைத்து விளையாடினார்கள். இந்த விளையாட்டில் கொஞ்சம் குரூரமும் கலந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் கண்ணில்லாத ஒரு பெண் இன்ன பெயரோடு இன்ன ஊரில் இருக்கிறாள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பது அந்நாளில் பொம்மை வைத்து விளையாடும் பிராயத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

லாராவின் விஷயத்தில் கிடைத்த வெற்றி ஹோவுக்கு மேலும் துணிச்சலைத் தந்தது. கண்ணும் காதும் இல்லாத ஒருத்திக்கே கல்வி வசப்படுமானால், புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அது ஏன் வசப்படாது என்று அவர் சட்டசபையைக் கேட்டார். மாஸசூஸெட்ஸ் ராஜ்ய சர்க்கார் மூன்று வருஷங்களுக்கு, வருஷத்துக்கு 2,500 டாலர் மானியம் அளிக்க இசைந்தது. 1848இல் பத்துக் குழந்தைகளோடு அந்தப் பரீட்சைப் பள்ளி தொடங்கிற்று. இவ்வகைக் கல்விக்குப் பாரிஸ் நகரத்தில் முறை வகுத்த எட்வர்ட் ஸெகான் என்பவரும், பிரான்ஸில் அவ்வாண்டு நிகழ்ந்த புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவிலேயே வந்து குடியேறினார். அந்நாளையப் பள்ளிகளின் நோக்கம் தெளிவானது: பிள்ளையைச் சில வருஷங்கள் வைத்திருந்து, நடக்கவும் உண்ணவும் உடுக்கவும் இயன்றவரை பேசவும் ஏதேனும் ஒரு கைத்தொழில் செய்யவும் பழக்கி, பெற்றோரிடம் திருப்பி அனுப்பிவிடுவது. வீட்டுக்குத் திரும்பி வரப்போகிற பிள்ளையைப் பற்றி வீட்டில் பேசாமலிருக்க ஒருவருக்கும் காரணமில்லை.

திருப்பி அனுப்பும் அந்த வழக்கம் நாளடைவில் நின்றுபோயிற்று. உள்நாட்டு யுத்தத்துக்குப் பின்வந்த வியாபார மந்த காலங்களில், பயிற்சி பெற்று வெளியேறியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் அவர்களை ஏற்க முடியாத நிலையில் இருந்தன. பள்ளிகளை நடத்தியவர்களும், உடல் வலிமையுள்ள மாணவர்களைப் பண்ணையிலும் சலவைச்சாலையிலும் சமையற்கட்டிலும் அமர்த்திக்கொண்டால் ஸ்தாபனத்தின் செலவு குறையும் என்று கண்டுகொண்டார்கள். பள்ளி விடுதியாயிற்று, விடுதி, ஊருக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தில் மதிலும் வாயிலும் கொண்ட தனிக் குடியிருப்பாயிற்று. இந்தப் போக்கின் அபாயத்தை முதலில் உணர்ந்தவர் அதற்கு வித்திட்ட ஹோவேதான். 1866இல் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள பட்டேவியா என்ற ஊரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அஸ்திவாரக் கல் நாட்ட அழைக்கப்பட்டிருந்த அவர், அந்த மங்கள வேளையிலேயே, ஊனமுற்றவர்களை ஒரே இடத்தில் திரளாகச் சேர்த்துவைப்பது இயற்கைக்கு மாறானது என்றும், இத்தகைய ஸ்தாபனங்கள் எவ்வளவு குறைவாகவும் சிறியனவாகவும் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்றும் எச்சரித்தார். கேட்டவர்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்; கட்டடங்கள் வளர்ந்துகொண்டே போயின.

மதில் எழும்பியதோடு விஷயம் நின்றிருந்தால், வீடுகளில் துக்கம் மட்டுமே குடிகொண்டிருக்கும். துக்கத்தை வெட்கமாக மாற்றியது ஒரு சாஸ்திரம். நியூஜெர்ஸி ராஜ்யத்தில் வைன்லண்டு என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் 1906ஆம் ஆண்டு ஆராய்ச்சித் தலைவராக அமர்ந்த ஹென்றி காடர்ட் என்பவர், பிரான்ஸில் உருவான, புத்தியை அளக்கும் பினே பரீட்சையை அமெரிக்காவில் புழக்கத்துக்கு விட்டார். 1912இல் அவர் காலிகாக் என்ற புனைபெயரில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வெளியிட்டு, அறிவுக்குறைவும் ஒழுக்கக்கேடும் வறுமையும் ஒரே ரத்தத்தின் வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன என்று வாதித்தார். பிற்காலத்தில் காடர்டே தம் கொள்கைகளில் பலவற்றைக் கைவிட்டார் என்றாலும், அதற்குள் அந்த நூல் செய்யவேண்டிய தீங்கைச் செய்துவிட்டது. 1927இல் அமெரிக்கத் தலைமை நியாயஸ்தலம், கேரி பக் என்ற இளம்பெண்ணைக் கருத்தடைச் சிகிச்சைக்கு உட்படுத்த வர்ஜீனியா ராஜ்யத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அவளுடைய தாய், அவள், அவளுடைய கைக்குழந்தை ஆகிய மூன்று தலைமுறைகளும் புத்திக்குறைவுள்ளவை என்பது அந்தத் தீர்ப்பின் ஆதாரம். மூன்றாம் தலைமுறை என்று நியாயாதிபதிகள் கணக்கிட்ட அந்தக் குழந்தை பின்னர்ப் பள்ளிக்குப் போய், நன்றாகப் படிக்கும் மாணவர்களின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோயிற்று.

இந்தச் சாஸ்திரத்தின் நிழல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விழுந்தது. ஒரு பிள்ளையின் குறை அந்தப் பிள்ளையோடு நில்லாமல் குலத்தின் ரத்தத்தையே குற்றஞ்சாட்டும் என்றால், அக்காளின் கல்யாணமும் அண்ணனின் உத்தியோகமும் தந்தையின் கௌரவமும் ஒருங்கே ஆட்டங்கண்டுவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் போய்ச்சேரும் வரையில் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனைப் பின்கட்டில் உட்கார்த்திவைக்கும் குடும்பங்களைக் கண்டிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே அமெரிக்கப் பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்; குழந்தைகள் வெளியில் போய் எதையும் சொல்லிவிடக்கூடியவர்களாகையால், அவர்களிடமிருந்துதான் முதலில் மறைத்தார்கள்.

பள்ளிக்கூடங்களும் இதற்கு ஒத்துப்போயின. 1896இல் ராட் ஐலண்டு ராஜ்யத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில், சாதாரணப் பள்ளிக்குள்ளேயே இத்தகைய பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஏற்பட்டது. சில வருஷங்களில் நியூயார்க்கில் எலிஸபெத் பாரெல் என்ற ஆசிரியை அதே வேலையை அன்போடும் திறமையோடும் நடத்தி, நாட்டில் சிறப்புக் கல்வி என்ற துறைக்கே வழிகாட்டியானார். ஆனால் அத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் பெருநகரங்களைத் தாண்டவில்லை. மற்ற இடங்களில் நடந்தது என்ன என்பதற்கு விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் ஆன்டிகோ நகரத்து வழக்கு ஒன்றே போதும். பேச்சுத் தடுமாறி, வாயில் எச்சில் வடியும் பையன் ஒருவன் ஐந்தாம் வகுப்பு வரையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்திருந்தான். படிப்பில் அவன் பின்தங்கியிருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அப்படியிருந்தும், அவனுடைய தோற்றம் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அருவருப்பையும் மனச்சோர்வையும் உண்டாக்குகிறது என்று காரணம் காட்டி, பள்ளி நிர்வாகம் அவனை விலக்கியது. 1919இல் அந்த ராஜ்யத்தின் உயர் நியாயஸ்தலமும் அது சரியே என்று சொல்லிவிட்டது. கூடப் படித்த பிள்ளைகளின் நன்மைக்காகவே இந்தத் தீர்ப்பு என்று பேசப்பட்டது. ஐந்து வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1940களில் இந்த வழக்கம் வைத்தியர்களின் வாயிலாகச் சம்பிரதாயமாகவே உருப்பெற்றது. டவுன் சிண்ட்ரோம் என்று இப்பொழுது நாம் வழங்கும் நிலைமையோடு குழந்தை பிறந்தால், தாய் அதன் முகத்தைக் கண்டு பாசம் கொள்வதற்கு முன்பே அதை எடுத்துச் சென்று விடுதியில் சேர்த்துவிடுவது உத்தமம் என்பது படித்த வைத்தியர்களின் உபதேசமாயிருந்தது. 1946இல் வெளிவந்து அமெரிக்கத் தாய்மார்களுக்கு வேதமாக விளங்கிய பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலிலும் இந்த யோசனை இடம்பெற்றிருந்தது. குழந்தைப் பருவத்தின் மனவளர்ச்சியைப் படிப்படியாக வகுத்துக் காட்டியவர் என்று உலகமெங்கும் பிரசித்தி பெற்ற எரிக் எரிக்ஸன் அவர்களின் வீட்டிலும் 1944இல் இதுவே நடந்தது. அவருடைய மகன் நீல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தான். பிரசவத்தில் மிகவும் நலிந்திருந்த மனைவி தேறுவதற்குள், நண்பர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டு, எரிக்ஸன் குழந்தையை விடுதிக்கு அனுப்ப உடன்பட்டார். வீட்டில் காத்திருந்த பிள்ளைகளிடம், தம்பி பிறந்தவுடனே இறந்துபோனான் என்று சொன்னார். மூத்த மகனுக்கு உண்மை பிறகு தெரிவிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு நெடுங்காலம் தெரிவிக்கப்படவில்லை. இறந்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தம்பி இருபத்தொரு வயது வரையில், 1965 மட்டும், உயிரோடிருந்தான். குழந்தையின் நம்பிக்கை உணர்ச்சியே மனித வாழ்க்கையின் முதல் அஸ்திவாரம் என்று போதித்த ஒரு மேதைக்குக்கூட, அந்தச் சமயத்தில் தம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல ஒரு வழியும் புலப்படவில்லை என்றால், சாதாரண மனிதர்களைக் குறைகூற நமக்கு ஏது இடம்?

செல்வாக்கிலும் செல்வத்திலும் குறைவில்லாத கென்னடி குடும்பத்திலும் கதை வேறுபடவில்லை. 1918இல் பிறந்த ரோஸ்மேரி, ஒன்பது குழந்தைகளில் மூன்றாமவர். படிப்பு வராது தடுமாறிய பெண். 1941இல் தந்தையின் ஏற்பாட்டில் அவருக்குச் செய்யப்பட்ட மூளை அறுவைச் சிகிச்சை, இருந்த பேச்சையும் நடையையும் பறித்துக்கொண்டது. அதன்பின் அவர் வீட்டுப் பேச்சிலிருந்தே மறைந்துபோனார். பல வருஷங்கள் வரையில் உடன்பிறந்தவர்களுக்கே அவர் எங்கே இருக்கிறார் என்பது சரிவரத் தெரியாது.

இத்தனை இறுக்கமான மௌனத்தை உடைத்த முதல் குரல், விந்தையாக, காடர்ட் தம் பரீட்சைகளை நடத்திய அதே வைன்லண்டு பள்ளியோடு சம்பந்தப்பட்டது. சீன தேசத்தில் வாழ்ந்த பாதிரிமார் குடும்பத்தில் வளர்ந்த பெர்ல் பக் அம்மையாருக்கு 1920இல் கேரல் என்ற மகள் பிறந்தாள். பார்ப்பதற்கு அழகாயிருந்த அந்தக் குழந்தையின் புத்தி வளரவில்லை என்பதை அறிந்துகொள்ளவே சில வருஷங்கள் சென்றன. வைத்தியர் வைத்தியராக அலைந்து, கடைசியில் 1929இல் தாயார் அவளை வைன்லண்டில் சேர்த்தார். மகளின் ஆயுட்காலச் செலவுக்குப் பணம் வேண்டும் என்ற கவலையும் அந்த அம்மையாரை எழுதத் தூண்டிய காரணங்களில் ஒன்று; 1931இல் வெளிவந்த அவருடைய சீனக் குடியானவர் கதை உலகப் புகழைத் தந்தது; 1938இல் நோபல் பரிசும் வந்தது. புகழ் வந்தபோதும் கேரலைப் பற்றி அவர் வெளியில் பேசவில்லை. பேசியது 1950 மே மாதத்தில், பெண்கள் வீடுதோறும் வாங்கிப் படிக்கும் ஒரு மாதப் பத்திரிகையில். என்றும் வளராத குழந்தை என்ற பொருள்படும் தலைப்பில் வந்த அந்தக் கட்டுரை அவ்வாண்டே சிறு நூலாகவும் வெளியாயிற்று. நோபல் பரிசு பெற்ற ஒருவர், என் மகள் இப்படிப்பட்டவள், இன்ன இடத்தில் இருக்கிறாள், அவளால் நான் பெற்றது இன்னது என்று சொல்லக் கூடுமானால், தாங்களும் சொல்லலாம் என்ற தைரியம் ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குப் பிறந்தது.

கேரலின் குறைக்குக் குலத்தின் கறை காரணமன்று என்பதும் காலக்கிரமத்தில் வெளிப்பட்டது. நார்வே தேசத்தில் ஒரு தாய், தன் இரு குழந்தைகளின் சிறுநீரிலும் ஒருவித விநோத வாடை வீசுகிறதே, ஏன் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்த அஸ்ப்யோர்ன் போலிங் என்ற வைத்தியர், உணவிலுள்ள ஒரு சத்தை உடல் ஜீரணித்து மாற்ற இயலாமையால் மூளை கெடுகிறது என்பதை 1934இல் கண்டுபிடித்தார். பீனைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்ற இந்நோயே கேரலுக்கும் இருந்தது. அறிவிலும் ஒழுக்கத்திலும் ஒரு குறையுமில்லாத பெற்றோருக்கும் இது நேரலாம். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி இந்நோயைக் கண்டறியும் எளிய வழியை வகுத்தார். அவரும் புத்தி வளர்ச்சி குன்றிய ஒரு மகனுக்குத் தகப்பனார். காலாகாலத்தில் கண்டு உணவை மாற்றினால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்கிறது.

1950ஆம் ஆண்டை இந்தச் சரித்திரத்தின் திருப்பம் என்றே சொல்லலாம். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் மினியாபொலிஸ் நகரத்தில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் பல ராஜ்யங்களிலிருந்து வந்து கூடி, ஒரு தேசியச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, குழந்தைகளின் அபிமானத்துக்குரிய குதிரைவீர நடிகர் ராய் ராஜர்ஸுக்கும் அவர் மனைவி டேல் எவான்ஸுக்கும் ராபின் என்ற பெண் குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தது. விடுதியில் விட்டுவிடுங்கள் என்ற யோசனையை அவர்கள் ஏற்காமல் வீட்டிலேயே வளர்த்தார்கள். இரண்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் குழந்தை இறந்துவிட்டது. 1953இல் டேல் எவான்ஸ் எழுதிய சிறு நூல், அந்தக் குழந்தையே பரலோகத்தில் கடவுளிடம் தன் கதையைச் சொல்வதாக அமைந்திருந்தது. பெரியவர்களின் வர்த்தமானமாக இருந்த விஷயம், குழந்தைகளும் படிக்கக்கூடிய கதையாக அந்நூலில் மாறியது. அதன் பின்னர் இத்தம்பதிகளின் காட்சிகளுக்குப் பெற்றோர் தங்கள் ஊனமுற்ற பிள்ளைகளையும் கூட்டமாக அழைத்துவரத் தொடங்கினார்கள். 1962இல், நாட்டின் ஜனாதிபதியாக ஜான் கென்னடி இருக்கையிலேயே, அவருடைய சகோதரி யூனிஸ் ஒரு பிரபலமான வாரப் பத்திரிகையில் ரோஸ்மேரியைப் பற்றி எழுதினார். சிகிச்சையின் விவரம் அதில் வரவில்லை. முழு உண்மையும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஆயினும் ஜனாதிபதியின் வீட்டிலேயே இப்படி ஒருவர் உண்டு என்பது தெரிந்த பிறகு, வெட்கம் என்ற கட்டடத்தின் முக்கியமான தூண் ஒன்று சரிந்துவிட்டது.

பேச்சு வளர வளர, மதில்களுக்குள் நடப்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. 1967இல் இவ்வகை அரசாங்க விடுதிகளில் ஏறத்தாழ 1,95,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை அதற்கு மேல் என்றும் உயரவில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க்கின் வில்லோபுருக் விடுதிக்குள் டெலிவிஷன் காமிரா புகுந்து, ஆடையின்றித் தரையில் கிடந்த பிள்ளைகளை நாடு முழுவதும் காணச் செய்தது. பென்ஸில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் வழக்காடி வென்றார்கள். இறுதியில் 1975 நவம்பர் 29ஆம் தேதி, ஊனமுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் தக்க கல்வியை இலவசமாக அளிக்கவேண்டும் என்னும் சட்டத்தில் ஜனாதிபதி போர்டு கையெழுத்திட்டார். ஊனமுற்ற குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தக்க கல்வி பெறவில்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கு முற்றிலும் புறம்பாக இருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தின் வாசகமே ஒப்புக்கொண்டது.

சட்டம் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து சேர்த்தது; சேர்த்த பிறகு என்ன பேசுவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதுவரை சாதாரணக் குழந்தைகள் ஊனமுற்ற குழந்தைகளைக் கண்டது பெரும்பாலும் நன்கொடை வசூலுக்கென்று ஒட்டப்பட்ட சுவரொட்டிகளில். இரும்புப் பட்டை கட்டிய கால்களோடு சிரிக்கும் முகம், அதன்கீழ் உண்டியலுக்கு வேண்டுகோள். அந்தச் சுவரொட்டிகள் பணத்தைத் திரட்டின, மருந்துகளைக் கண்டுபிடிக்க உதவின. பார்த்த குழந்தைகளுக்கு இரக்கத்தையும் கற்பித்தன. ஆனால் இரக்கப்படக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் அப்படி ஒருவன் வந்து உட்கார்ந்தபோது, அவனிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை.

இந்தக் குறையைக் கண்டவர், வாஷிங்டன் நகரத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்த பார்பரா அயெல்லோ. 1977இல் அவர் ஒரு பொம்மலாட்டத்தை ஏற்படுத்தினார். ஜப்பான் தேசத்துப் புன்ராகு முறையைத் தழுவி, கறுப்பு உடை அணிந்த ஆட்டக்காரர் பார்வைக்குத் தெரிந்துகொண்டே பின்னால் நின்று, ஒரு சிறுவன் அளவுள்ள பொம்மையை ஆட்டுவார். முதற்பொம்மையின் பெயர் மார்க் ரைலி, மூளை முடக்குவாதம் உள்ளவன், சக்கர நாற்காலியில் வருவான், வாயாடி, தன்னைப் பற்றித் தானே கேலி பேசுவான். ஆட்டம் முடிந்த பிறகு வகுப்புப் பிள்ளைகள் பொம்மையிடம் கேள்வி கேட்கலாம் என்பதே இதன் உயிர்நாடி. உனக்கு வலிக்குமா, நீ எப்படிக் குளிப்பாய், உன் பேச்சு ஏன் இப்படி இருக்கிறது, எனக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா என்று, நேரில் ஒரு பையனிடம் கேட்டால் பெரியவர்கள் அதட்டி அடக்கிவிடக்கூடிய கேள்விகளை எல்லாம் பொம்மையிடம் கேட்கலாம். பொம்மையும் மழுப்பாமல் பதில் சொல்லும். கேள்வி அவமரியாதை அல்ல, கேட்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளும் கற்பனைதான் தீங்கு செய்கிறது என்பதை அந்த அம்மையார் நன்றாக உணர்ந்திருந்தார். ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்திருந்த பிள்ளை, ஒட்டாது என்று கேட்ட மாத்திரத்தில் நாற்காலியை அருகே நகர்த்திப் போட்டுக்கொள்கிறது.

டெலிவிஷனும் இந்தத் திசையில் சென்றது. 1969இல் தொடங்கிய ஸெஸமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில், காது கேளாத நடிகை லின்டா போவ் 1971 முதற்கொண்டு, அந்தத் தெருவில் வசிப்பவர்களில் ஒருவராகத் தோன்றிச் சைகை மொழியில் பேசினார். அந்நிகழ்ச்சிக்கு எழுதிவந்தவர்களில் ஒருவர் எமிலி பெர்ல் கிங்ஸ்லி. 1974இல் அவருக்கு ஜேஸன் என்ற மகன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தபோது, பிரசவம் பார்த்த வைத்தியர் பழைய உபதேசத்தையே சொன்னார்: குழந்தையை விடுதிக்கு அனுப்பிவிடுங்கள், உற்றார் உறவினரிடம் பிரசவத்தில் இறந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு முன்பு எரிக்ஸன் சொன்ன அதே பொய். பெர்ல் பக் அம்மையார் எழுதி இருபத்து நான்கு வருஷங்கள் ஆன பின்பும் வைத்தியசாலையில் அது செத்துப்போகவில்லை. கிங்ஸ்லி தம்பதிகள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நடக்கப் பழகும் பிராயத்திலேயே ஜேஸன் அந்த நிகழ்ச்சியில் தோன்றி, பின்னர்ப் பல தடவை எண்ணியும் எழுத்துக்களைப் படித்தும் காட்டினான். எதிரே உட்கார்ந்து பார்த்த லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அவன் கூட விளையாடும் ஒரு பையன்.

இவ்வாறு வாசகர்களிடம் பேசியாயிற்று, சர்க்காரிடம் பேசியாயிற்று, வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளிடமும் பேசியாயிற்று. எஞ்சியிருந்தவன் ஒருவன்தான்: விஷயத்துக்கு உரியவன். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுத்தில் ஒரு கல்வித் திட்டம் வகுக்கவேண்டும். அதற்காகப் பெற்றோரும் ஆசிரியரும் பள்ளி நிர்வாகத்தின் பிரதிநிதியும் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். பொருத்தமான இடத்தில் பிள்ளையும் வரலாம் என்று ஒரு சொற்றொடர் அதில் இருந்தது. பொருத்தம் எது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்தபடியால், நெடுநாள் வரையில் பிள்ளையின் நாற்காலி காலியாகவே இருந்தது. அவன் எதில் பலவீனன், எந்த வயதுக்குரிய புத்தி அவனுக்கு, அடுத்த வருஷம் எந்த வகுப்பறை என்றெல்லாம் உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் வெளியே மைதானத்தில் இருப்பான். நான் மட்டும் ஏன் வேறு அறைக்குப் போகிறேன் என்று கேட்டால், அங்கே கொஞ்சம் விசேஷமாகச் சொல்லித்தருவார்கள் என்று ஏதோ ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலின் வெறுமையை இட்டு நிரப்பும் வேலையைக் கூடப் படிக்கும் பிள்ளைகளின் பரிகாசம் செய்துகொள்ளும்.

1990ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே, பதினாறு வயதுக்குள் பிள்ளையின் பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றித் திட்டமிட வேண்டும், அந்த ஆலோசனைக்கு அவனையும் கட்டாயம் அழைக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அக்காலந்தொட்டுப் பல பள்ளிகளில், மாணவனே கூட்டத்தைத் தொடங்கி நடத்தும் வழக்கமும் பரவியிருக்கிறது. கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே ஆசிரியர் அவனோடு தனியே உட்கார்ந்து, அவனைப் பற்றிய அறிக்கையை வரிவரியாகப் படித்துக் காட்டுகிறார். எழுத்துக்கள் உனக்கு ஏன் இடம் மாறித் தெரிகின்றன, பரீட்சையில் உனக்கு ஏன் கூடுதல் நேரம் தரப்படுகிறது, அது சலுகையா உரிமையா என்று விளக்குகிறார். எது உதவுகிறது, எது உதவவில்லை என்று அவனைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அப்புறம் அவன் பெரியவர்களின் நடுவே எழுந்து நின்று, எனக்கு இது வரும், இது வராது, இந்த உதவி வேண்டும் என்று சொல்கிறான். தன் குறையின் பெயரைத் தன் வாயால் சொல்லக் கற்றவனை அந்தப் பெயரால் பரிகசிப்பது கடினம் என்று இவ்வேலையில் பழகிய ஆசிரியர்கள் அறிவார்கள்.

1994இல் ஜேஸன் கிங்ஸ்லியும் அவருடைய நண்பர் மிட்செல் லெவிட்ஸும் சேர்ந்து, டவுன் சிண்ட்ரோமோடு வளர்ந்த கதையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். படிப்பு, உத்தியோகம், அரசியல், கல்யாணம், சாவு என்று எல்லாவற்றைப் பற்றியும் இருவரும் பேசிய பேச்சுக்கள் அதில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. தாம் பிறந்த அன்று அந்த வைத்தியர் சொன்னதையும் ஜேஸன் அதில் எடுத்துக்கொண்டு, அவர் சொன்னது தப்பு என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைக் காட்டிலும், எழுத முடிந்தது என்பதே என் மனத்தில் நிற்கிறது. ஏனெனில் அந்த வைத்தியரின் வார்த்தைகளை ஜேஸனின் தாயும் தகப்பனாரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மகனின் மனம் புண்படும் என்று பயந்து அதையும் மறைத்திருக்கலாம்; மறைத்திருந்தால் அவருக்கு மறுத்துப் பேச ஒன்றும் இருந்திராது.

இந்தச் சரித்திரத்தில் உண்மை பயணம் செய்த வழி தலைகீழானது. முதலில் அறிந்தவர் வைத்தியர், பிறகு பெற்றோர், பிறகு பத்திரிகை வாசகர்கள், சட்டசபையார், நியாயாதிபதிகள், வகுப்புத் தோழர்கள், கடைசியில், பல இடங்களில் பதினாறு வயதுக்கு அப்புறம், அந்தப் பிள்ளை. மறைத்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் நன்மைக்காகவே மறைத்தோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை மனப்பூர்வமாக நம்பியும் இருந்தார்கள். ஆனால் அந்த மௌனத்தினால் ஆறுதல் பெற்றவர்கள் பெரியவர்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள், இல்லாத தம்பிக்காக அழுத பிள்ளைகளும், தன்னைப் பற்றித் தன்னிடம் ஒருவரும் ஏன் பேசுவதில்லை என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளும். கேட்கும் வயது வந்த பிள்ளைக்குப் பதில் பெறும் வயதும் வந்துவிட்டது. கேட்டதற்கு அளவாக, கேட்ட அன்றே, அதற்குப் புரியும் வார்த்தைகளில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லப் பெரியவர்களுக்கு வேண்டிய தைரியம் அதிகமில்லை. அது ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை பாதியாகக் குறைந்துவிடுகிற தைரியம்.